கேமராவுக்கு வைத்த பொட்டு

பொட்டு வைத்ததால் கால் உடைந்தது என்று எழுதியிருந்தார்கள். ஒரு பக்கம் கன்னடம், பின்பக்கம் இங்கிலீஷ், அடியில் கையெழுத்துக்கு ஒரு கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. எங்கே கையெழுத்துப் போடுவது என்று கௌரம்மா தடுமாறிவிடக் கூடாதாம். அந்த அக்கறையைப் பார்த்ததும் எனக்கு உச்சி வரைக்கும் சுர்ரென்று ஏறியது.

கோபம் எனக்குப் புதிதல்ல. மீதிச் சில்லறைக்காகக் கண்டக்டரோடு சண்டை போட்டு, கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸையே நிறுத்தி வைத்தவள் என்று எங்கள் தெருவில் இன்னமும் என்னைப் பற்றிச் சொல்வார்கள். ஆனால் இந்தக் கோபத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டும். நடுவிலிருந்து சொன்னால் நான் ரொம்ப நல்லவளாகத் தெரிவேன்.

என் பெயர் சுசித்ரா. மைசூரில் ஒரு சின்னக் கம்பெனியில் இன்ஜினியர். கிடங்குகளில் ஓடும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் ஆட்கள் மேல் மோதாமல் இருக்க ஓர் ஏற்பாடு செய்து கொடுப்பது எங்கள் தொழில். முன்னால் இரண்டு இரும்பு நாக்கை நீட்டிக்கொண்டு, பெட்டி அடுக்கைத் தூக்கிப் போகிற வண்டிதான் ஃபோர்க்லிஃப்ட். அடுக்கு உயரமாகிவிட்டால் எதிரே நிற்கும் ஆள் ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் வண்டியின் முன்பக்கம் தாழ்வாக மூன்று பொருள் பொருத்துவோம். ஒரு கேமரா. ஒரு ரேடார். மூன்றாவது, தொழிலாளிகளின் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையிலிருந்து வரும் சிக்னலைப் பிடிக்கும் ஒரு ரிசீவர்.

மூன்றிலும் குறை உண்டு. கேமராவுக்குப் புகையும் இருட்டும் ஆகாது. ரேடாருக்கு ஆள் எது, இரும்புத் தூண் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அட்டையின் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி, ஆளை நாலடி தள்ளிக் காட்டும். அதனால்தான் மூன்றையும் சேர்த்துக் கேட்பது. நடந்து வருகிற ஆள் இப்போது எங்கே இருக்கிறார், அடுத்த இரண்டு நொடியில் எங்கே இருப்பார் என்று மூன்று பேர் சொல்வதையும் வைத்து ஒரு கம்ப்யூட்டர் கணக்குப் போடும். பஞ்சாயத்தில் மூன்று சாட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூவரில் எந்த இருவர் 'ஆள் நிற்கிறார்' என்று ஒத்துச் சொன்னாலும் வண்டி தானாகவே பிரேக் போட்டுக்கொள்ளும். அப்படித்தான் நாங்கள் செய்து கொடுத்தோம். நல்ல வேலை. எனக்கு அதில் பெருமை உண்டு.

மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் இருக்கும் ஓர் ஊதுபத்திக் கம்பெனியின் கிடங்கில் நான்கு வண்டிகளுக்கு அதைப் பொருத்தினோம். கௌரம்மாவை அங்கேதான் பழக்கம். ஹனூர்ப் பக்கத்துக்காரர், பேக்கிங் பிரிவில் பத்து வருடமாக வேலை. நான் ஏணி போட்டு வயர் இழுத்துக்கொண்டிருந்த முதல் நாளே, "அம்மணி, கொள்ளேகாலா நீயி? பேச்சுல தெரியுது," என்று சொல்லித் தன் டிபன் போசியிலிருந்து எனக்கும் ஒரு கை சோறு வைத்தவர். அவருடைய கூட்டாளி லிங்கம்மா. அவருக்குத் தமிழ் வராது, இவருக்குக் கன்னடம் அரைகுறை. இருந்தும் இருவரும் ஒரே போசியில் சாப்பிடுவார்கள், ஓயாமல் பேசுவார்கள்.

அந்தக் கிடங்கில் ஆயுத பூஜை பெரிய விசேஷம். முதல் நாளே தரையைக் கழுவி, மெஷினைத் துடைத்து, வாழைக்கன்று கட்டி, ஒவ்வொரு வண்டிக்கும் செவ்வந்தி மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைப்பார்கள். எல்லா மெஷினுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பது வழக்கமாகக் கௌரம்மாதான். அவர் கைராசியான கை என்று பெயர். இந்த வருடம் தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தவர் கிடங்கு மேனேஜர் விஜய்குமார். அவரும் கொள்ளேகால்காரர்தான். கொடுக்கும்போது அவர் சொன்னதைப் பத்துப் பேர் கேட்டிருக்கிறார்கள்: "அக்கா, ஒன்னயும் விட்றாதீங்க. அந்தப் புதுக் கேமராவுக்கும் வைங்க. புதுசுக்குத்தான் சீக்கிரம் கண்ணு படும்."

கௌரம்மா வைத்தார். கண் எங்கே இருக்கிறதோ அங்கே வைத்தார். நான்கு வண்டியின் கேமராக் கண்ணாடியிலும் வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். விஜய்குமார் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அந்தப் போட்டோவை அவரே கம்பெனி குரூப்பில் போட்டிருந்தார்.

பூஜை போட்ட வண்டியை அன்று எடுக்க மாட்டார்கள். எடுக்கவும் கூடாது. பொரி கடலைப் பொட்டலமும் ஒரு ஸ்வீட்டும் கொடுத்து மதியத்தோடு வீட்டுக்கு அனுப்புவதுதான் எத்தனையோ வருடமாக அங்கே வழக்கம். இந்த வருடம் சேலம் லாரி ஒன்று வாசலில் நின்றது. தீபாவளிச் சரக்கு. "ஒரே ஒரு லோடு," என்று விஜய்குமார் சொன்னார். டிரைவர் கெம்பையன் முடியாது என்றிருக்கிறார். சாமி கும்பிட்ட வண்டி, நாளைக்கு எடுக்கிறேன் என்றிருக்கிறார். நாளைக்கு வேலைக்கே வர வேண்டாம் என்று பதில் வந்தது. கெம்பையன் வண்டியை எடுத்தார். கேமராவைத் துடைக்கவில்லை. சாமிக்கு வைத்த பொட்டைக் கை வைத்து அழிக்க அந்தக் கிடங்கில் யாருக்கு மனசு வரும்? தானாகக் காய்ந்து உதிரும் வரை அப்படியே இருக்கும்.

மதியம் ஒன்றே முக்காலுக்கு, பொரிப் பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு ராக்குகளுக்கு நடுவே கேட்டைப் பார்த்து நடந்த லிங்கம்மாவை அந்த வண்டி பெட்டி அடுக்கோடு தள்ளி இரும்பு ராக்கில் நெரித்தது. இடது தொடை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது.

அன்று மாலை நான்தான் போய் வண்டியின் பதிவை எடுத்தேன். தரையில் பொரி சிதறியிருந்தது. யாரும் அதைக் கூட்டவில்லை. நான் வண்டிப் படியிலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். ரேடார் நான்கு நொடிக்கு முன்பே சொல்லியிருந்தது: எதிரே ஏதோ நகர்கிறது. அட்டை ரிசீவர் அடுத்த அரை நொடியில் சொல்லியிருந்தது: லிங்கம்மா, அதே இடம், நேரே வருகிறாள். இரண்டும் ஒரே இடத்தைக் காட்டின, ஒரே வேகத்தைக் காட்டின. கேமரா மட்டும் யாரும் இல்லை என்றது. சந்தனத்துக்குப் பின்னாலிருந்து அது வேறு என்ன சொல்லும்?

இரண்டு சாட்சி ஒத்துச் சொல்லியாகிவிட்டது. மூன்றரை நொடி நேரம் இருந்தது. வண்டி பிரேக் போட்டிருக்க வேண்டும். போடவில்லை.

ஏன் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஏனென்றால் பதினெட்டு நாளைக்கு முன்னால் அந்த விதியை மாற்றியிருந்தார்கள். மாற்றியிருந்தார்கள் என்று எழுதும்போதே கை கூசுகிறது. மாற்றியது நான்.

நடந்தது இதுதான். ஊதுபத்தி உறைக்கு உள்ளே வெள்ளித் தாள் ஒட்டுவார்கள். ரேடார் அதில் பட்டுத் தெறிக்கும். பக்கத்துச் சந்தில் போகும் ஆளின் அட்டை, இந்தச் சந்தில் இருப்பதாகக் காட்டும். ரேடாரும் ஆமாம் ஆமாம் என்று ஒத்து ஊதும். வண்டி யாருமே இல்லாத இடத்தில் பிரேக் போட்டு நிற்கும். விஜய்குமார் எங்கள் ஆபீசுக்குத் தினமும் போன் செய்து கத்தினார். "உங்க சிஸ்டம் பேயப் பாத்துப் பாத்து நிக்குதுங்க. தசரா சரக்கு யாரு அனுப்புவா, பேயா?" அதைச் சரிசெய்ய வழி இருந்தது. ஒரு வாரம் வண்டிகளை நிறுத்தி, சந்து சந்தாக ஆள் விட்டு அளந்து, எந்த ராக்கில் எவ்வளவு தெறிக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். தசராவுக்கு முன்னால் ஒரு வாரமா என்று விஜய்குமார் சிரித்தார். எங்கள் முதலாளி தீபக் சாரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு எனக்குப் போன் போட்டார், கன்னடம் கலந்த தமிழில்.

"சுசித்ரா, கேமரா சொன்னாதான் பிரேக்னு மாத்திடு. தசரா முடியட்டும், அப்புறம் நோடிக்கலாம், பாத்துக்கலாம்."

"சார், கேமரா சொன்னாதான்னா மத்த ரெண்டும் எதுக்கு சார்?"

"சும்னெ மாத்தும்மா. கஸ்டமர் போயிடுவான்."

மாற்றினேன். இரண்டு சாட்சி இருந்தாலும், அதில் கேமரா ஒன்றாக இல்லாவிட்டால் தீர்ப்பு இல்லை. ஒரே ஒரு வரி. பழைய விதி, புதிய விதி, தேதி, நேரம், மாற்றியவர்: சுசித்ரா. அந்த வரியை நான் அன்று மாலை பொரி சிதறிய தரைக்கு மேலே உட்கார்ந்து நாலு முறை படித்தேன்.

தீபக் சாரிடம் அன்றைக்கே சொன்னேன். "நீ எதுவும் எழுதாதே, ரிப்போர்ட்ட நான் பாத்துக்கறேன்," என்றார். சரி என்றேன். அதற்குப் பிறகு பத்து நாள் நான் செய்ததெல்லாம் கோபப்பட்டது மட்டும்தான். விஜய்குமார் மேல் கோபம், ஒரு லோடுக்காக ஒரு காலை நசுக்கிவிட்டானே என்று. தீபக் மேல் கோபம். அறை எடுத்துத் தங்கியிருக்கும் வீட்டில் சமையல்கட்டில் பாத்திரத்தை எறிந்தேன். டீக்கடையில் முன்பின் தெரியாத ஒருவரிடம் முதலாளிகள் சாதியையே திட்டித் தீர்த்தேன். நாலாம் நாள் கெம்பையன் போன் செய்தார். கிடங்கில் எல்லோரும் கௌரம்மா வைத்த பொட்டால்தான் வண்டிக்குக் கண் தெரியாமல் போனது என்று பேசுகிறார்கள், அந்த அம்மா அழுதபடியே இருக்கிறார் என்றார். எனக்கு அந்த ஜனங்கள் மேலும் கோபம் வந்தது. மூடநம்பிக்கை என்று சொல்லி போனை வைத்தேன். வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

பதினோராம் நாள் காலை பத்தரை மணிக்கு விசாரணை. கிடங்கு ஆபீசில் நீள மேசை. ஒரு பக்கம் விஜய்குமார், தீபக் சார், கம்பெனியின் தலைமை ஆபீசிலிருந்து வந்த மனிஷா என்ற அதிகாரி. மறுபக்கம் கௌரம்மா மட்டும், நாற்காலியின் நுனியில், எப்போது வேண்டுமானாலும் எழுந்துகொள்ளத் தயாராக. நெற்றியில் பொட்டு இல்லை. புருஷன் இருக்கும் பெண்ணை அப்படி வெறும் நெற்றியோடு நான் பார்த்ததே இல்லை. என்னைப் பார்த்து, "வா அம்மணி," என்றார். அவ்வளவு மெல்லிய குரல் அவருடையது அல்ல.

விஜய்குமார் காகிதத்தைப் படித்து, தமிழில் விளக்கிச் சொன்னார். அவ்வளவு இனிமையாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"அக்கா, இதுல ஒன்னுமில்லீங்க. பூஜை அன்னிக்குக் கேமரா மேல நீங்க சந்தனம் வெச்சீங்க, அதனால கேமரா மறைஞ்சுபோச்சு, ஆக்சிடென்ட் ஆயிருச்சு. தெரியாமப் பண்ணுனதுதானுங்க. யாரும் உங்களக் குத்தம் சொல்லலை. நீங்களே வேலைய விட்டு நின்னுக்கறேன்னு கடைசீல ஒரு வரி இருக்குது, அவ்ளோதான். நம்ம ஊர்க்காரங்க, போலீசு கீலீசுன்னு இழுக்க வேண்டாம்னு பாக்கறேன்."

"நாந்தானுங்க வெச்சேன்," என்றார் கௌரம்மா. "யாரு இல்லைன்னா. குடுங்க."

பேனாவை வாங்கிவிட்டார். பென்சில் குறியைத் தேடி விரல் நகர்ந்தது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பதை நான் அன்றைக்கு வரை பழமொழி என்று நினைத்திருந்தேன். அது என் கண் எதிரே நடந்துகொண்டிருந்தது. நான் காகிதத்தின் மேல் கையை வைத்து அழுத்தினேன்.

"அக்கா, போடாதீங்க."

"சுசித்ரா," என்றார் தீபக் சார்.

"கேமரா மேல பொட்டு இருந்துச்சு. சரி. ரேடார் மேல யாரு பொட்டு வெச்சா? லிங்கம்மா கழுத்துல இருந்த அட்டை மேல யாரு வெச்சா? அந்த ரெண்டும் மூணரை நொடி கத்தியிருக்கு சார். ஆள் வருது, ஆள் வருதுன்னு கத்தியிருக்கு. கேக்க வேண்டாம்னு சொன்னது யாரு?"

"சும்னெ இரு."

"டெக்னிக்கல் விஷயமெல்லாம் அப்பறம் பேசிக்கலாமுங்க," என்று விஜய்குமார் மனிஷாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரேடாருன்னா ஆயிரம் கோளாறு இருக்கும்."

மேசையை ஓங்கித் தட்டினேன். கௌரம்மா பதறிப் பேனாவைக் கீழே போட்டுவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறீர்களா என்று கத்தினேன். ஒரு கண்ணுக்கு ஏதாவது ஆனால் மற்ற இரண்டும் காப்பாற்றத்தான் மூன்று வைத்தோம், தூசி படியும், மழை அடிக்கும், யாராவது பொட்டு வைப்பார்கள், இதெல்லாம் நடக்கும் என்று தெரிந்துதான் வைத்தோம், இந்த அம்மா கேமரா மேல் ஒரு படி சந்தனத்தை அப்பியிருந்தாலும் வண்டி நின்றிருக்க வேண்டும் என்றேன். பிறகு லேப்டாப்பைத் திறந்து அந்த ஒரு வரியைப் படித்தேன். பழைய விதி. புதிய விதி. தேதி. நேரம். கடைசிச் சொல் என் பெயர். அதில் மட்டும் என் குரல் இறங்கியது. ஆனாலும் படித்தேன்.

மனிஷா முதல் முறையாக வாய் திறந்தார். "யார் சொல்லி மாத்தினீங்க?"

"இவர் கேட்டார். அவர் சொன்னார். டைப் பண்ணினது நான்," என்று விஜய்குமாரையும் தீபக் சாரையும் காட்டிச் சொன்னேன்.

மனிஷா அந்தக் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக் கோப்புக்குள் வைத்தார். இதில் யாரும் இன்று கையெழுத்துப் போட வேண்டாம், பதிவு முழுவதையும் எனக்கு அனுப்புங்கள், அந்தப் பூஜை போட்டோவையும் அனுப்புங்கள் என்றார். தீபக் சார் எழுந்து வெளியே போகும்போது, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று என் பக்கம் திரும்பாமலே சொன்னார். விஜய்குமாரும் பின்னாலேயே போனார். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, கௌரம்மா என் கையைப் பிடித்துக்கொள்வார் என்றுகூட எதிர்பார்த்தேன்.

அவர் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"அம்மணி, இது உனக்கு எப்பத் தெரியும்?"

"எது அக்கா?"

"நீ மாத்துனதாலதான் வண்டி நிக்கலைங்கறது. என்ற பொட்டால இல்லைங்கறது."

பொய் சொல்ல ஒரு நொடி அவகாசம் இருந்தது. மனிஷாவும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்குச் சாயங்காலமே தெரியும்க்கா."

"பதனோரு நாளு," என்றார். அழவில்லை. குரல் பழைய குரலாகத் திரும்பிவந்தது. "மூணாம் நாளு ஆஸ்பத்திரிக்குப் போனேன். லிங்கம்மா என்னையப் பாத்துப்போட்டுச் செவுத்துப் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. பத்து வருசம் ஒரே போசியில சோறு தின்னவ. அவ மாமியாக்காரி, வெளங்காத கை, எங்க ஊட்டு வாசப்படி மிதிக்காதேன்னு நாலு பேரு முன்னால சொன்னா. நானும் ஆமான்னுதான் நெனச்சேன். மாதேஸ்வரன் மலைக்குப் போயி ஈரத்துணியோட கோயிலச் சுத்தி உருண்டேன். இந்தக் கை பண்ணுனத மன்னிச்சுப்போடு சாமின்னு கேட்டேன். என்ற நெத்தியில பொட்டு வெக்க எனக்குக் கை வரலை அம்மணி. ஊட்டுக்காரரு குத்துக்கல்லாட்ட உக்காந்திருக்கறாரு, அவரு முன்னால மூளி நெத்தியோட நின்னேன்."

"அக்கா, நான்..."

"நீ கோவக்காரின்னு எல்லாரும் சொல்றாங்க. மேசையத் தட்டுன. நல்லாத்தான் தட்டுன. என்ற ஊடு மேட்டகள்ளில. உங்க ஆபீசுல இருந்து நடந்து வர்ற தூரம். ஒரு நாளு வந்து, அக்கா, உன்ற பொட்டு இல்லன்னு ஒத்த வார்த்தை சொல்ல உனக்கு நேரமில்லாமப் போச்சா?"

பத்து நாளும் பயத்தைத்தான் கோபமாகக் கொட்டித் தீர்த்திருக்கிறேன் என்று அந்த இடத்தில்தான் எனக்கே தெரிந்தது. யாரையாவது திட்டிக்கொண்டே இருந்தால் அந்த ஒரு வரியில் இருக்கும் பெயரைப் பார்க்க வேண்டியதில்லை.

"இப்ப நீ படிச்சது இவிய கம்பெனிக்கு," என்று கௌரம்மா எழுந்தார். "எனக்கு இங்க படிச்சு என்னாகும்? லிங்கம்மா ஊட்டுல வந்து படி. கன்னடத்துல எழுதி, உன்ற கையெழுத்தப் போட்டு, அவ மாமியாக்காரி முன்னால படி. இப்பவே."

மனிஷா ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். எழுதினேன். பள்ளிக்கூடத்தில் கன்னடம் படித்தவள்தான், இருந்தும் ஒரு பக்கம் எழுத அரை மணி நேரம் ஆனது. கௌரம்மா அதுவரை நின்றுகொண்டே இருந்தார். உட்காருங்கள் என்று மனிஷா சொல்லியும் உட்காரவில்லை. பிறகு என் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டார். மேட்டகள்ளி வரைக்கும் என் தோளைப் பிடிக்கவில்லை, சீட்டுக்குப் பின்னாலிருக்கும் கம்பியைத்தான் பிடித்துக்கொண்டு வந்தார்.

லிங்கம்மாவின் வீடும் அங்கேதான், ஒரே அறை. முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார். காலுக்குள் ராடு வைத்திருந்தது, கட்டிலுக்கு அடியில் இரண்டு செங்கல் கொடுத்துக் கால்பக்கத்தை உயர்த்தியிருந்தார்கள். மாமியார் கதவைத் திறந்தார். என் கழுத்திலிருந்த கம்பெனி அட்டையைப் பார்த்ததும் வாங்கம்மா என்று வீட்டிலிருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். என் பின்னால் கௌரம்மாவைப் பார்த்ததும் முகம் மாறியது. கௌரம்மா வாசலுக்கு வெளியிலேயே, செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். லிங்கம்மா சுவரைப் பார்க்கத் திரும்பினார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன். அங்கே பேசியதெல்லாம் கன்னடம், தமிழில் எழுதுகிறேன். வண்டியில் மூன்று கருவி இருந்தது என்று தொடங்கினேன். பொட்டு வைத்ததால் மறைந்தது அதில் ஒன்றுதான், மற்ற இரண்டும் லிங்கம்மாவைப் பார்த்துவிட்டன, அதில் ஒன்று அவர் பெயரைக்கூடச் சொல்லியது, அவை சொன்னால் வண்டி நிற்க வேண்டாம் என்று விதியை முன்பே மாற்றி வைத்திருந்தது, மாற்றியது நான், கௌரம்மாவின் பொட்டுக்கும் இந்தக் காலுக்கும் சம்பந்தம் இல்லை. என் பெயர், என் கையெழுத்து, தேதி. படித்து முடித்தபோது லிங்கம்மா சுவர்ப் பக்கத்திலிருந்து திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமியார் கேட்டார். "இந்த அம்மாவுக்கு இது தெரியுமா?"

"இன்றைக்குத்தான் தெரியும்."

"உனக்கு?"

"அன்றைக்கே."

மாமியார் வாசலுக்குப் போய்க் கௌரம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த விளங்காத கையைத்தான். பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு வந்து என் எதிரே நிறுத்தினார்.

"எழுந்திரு," என்றார் என்னிடம். "அந்த நாற்காலி அவளுக்கு."

நான் எழுந்தேன்.